டம்ளருக்கு என்ன ஆச்சு?

என் தாத்தாவின் போர்க் கதை எப்போதும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். அதைச் சொல்ல அவருக்கு ஒரு காபி டம்ளரும் ஒரு துண்டும் போதும். துண்டை நீளமாக மடித்து மேஜைமேல் போடுவார், அது ஆறு. ஆற்றங்கரையில் டம்ளரை வைப்பார். வலக்கையை விறைப்பாக நீட்டித் தலைக்கு மேலே கொண்டுபோவார், அது விமானம். கை கொஞ்ச நேரம் ஆற்றின் போக்கிலேயே மிதக்கும். பிறகு திடீரென்று மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு செங்குத்தாக விழும். விழும்போது பல்லிடுக்கில் ஒரு சத்தம் எழுப்புவார், தையல் இயந்திரம் வேகம் பிடிப்பதுபோல. டம்ளர் இதோ உருளப்போகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கை சட்டென்று நிமிர்ந்து மேலேறிவிடும்.

"தூக்கிட்டோம்!" என்பார்.

நாங்கள் கை தட்டுவோம். அதோடு கதை முடிந்தது. ஒரே ஒரு முறை நான் கேட்டிருக்கிறேன், "தாத்தா, டம்ளருக்கு என்ன ஆச்சு?" என்று. டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்து, "ஆறிடும், குடி," என்றார்.

தாத்தா என் அம்மாவின் அப்பா. இரண்டாம் உலகப் போரில் பர்மாப் பக்கம் குண்டு போடும் விமானத்தில் போனவர். திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னாலிருந்த எங்கள் சந்தில் இது எல்லோருக்கும் தெரியும். "பாம்பர் ஓட்டினவரு" என்றுதான் அவரைக் காட்டிச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை தாங்காது. பள்ளிக்கூடத்திலும் சொல்லிவைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க தாத்தா சைக்கிளையே தள்ளிக்கிட்டுதான் போறாரு. அவரு ப்ளேன் ஓட்னாராமே!"

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். தாத்தா என்னைச் சமாதானப்படுத்துவார் என்று நினைத்தேன். அவரோ அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்றார். "ஓட்டினவன் முன்னாடி இருந்தான். நான் பின்னாடி, அவனுக்கு முதுக காட்டிக்கிட்டு, துப்பாக்கியோட உக்காந்திருந்தேன்."

அது எனக்குப் பெரிய இறக்கமாகப் பட்டது. டிரைவர் என்று நம்பியிருந்தவர் கண்டக்டர் என்று தெரிந்ததுபோல. ஆனால் யோசித்துப் பார்த்தால் தாத்தா எல்லா வண்டியிலும் அப்படித்தான். போர் முடிந்தபின் ரயில்வேயில் சேர்ந்து, கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டாக இருந்தே ஓய்வு பெற்றார். ஸ்டேஷனிலிருந்து ஜட்கா பிடித்தால் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கடந்துபோன தெருவைத்தான் பார்த்து வருவார். முன்னால் இடமிருந்தாலும் வரமாட்டார். சிலருக்குப் புகையிலை, அவருக்கு இது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது எனக்கு ஒன்பது வயதில் நடந்த ஒரு கார்த்திகை தீபத்தன்று மாலையைப் பற்றி.

அப்போது என் சித்திக்கு, அம்மாவின் தங்கைக்கு, இருபத்தொன்பது வயது. பெண் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவருக்கு நட்சத்திரம் இடித்தது, இன்னொருவருக்கு நிறம். சித்தி ஒவ்வொரு முறையும் அதே மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பிறகு அதே மடிப்பில் மடித்து வைப்பாள். கடைசியில் சென்னையிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தபால் ஆபீஸில் வேலை. அம்மா இல்லாத பிள்ளை. வளர்த்தது அவனுடைய பெரியம்மா. அவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோ பிடித்துவிட்டது, அந்தப் பெரியம்மா நேரில் வந்து பார்க்கவேண்டியதுதான் பாக்கி.

அவர்கள் பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம். அதைக் கேட்டதும் என் மாமா துள்ளிக் குதித்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சித்தியின் கல்யாணத்தைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு முடியெல்லாம் கொட்டிப்போனவர்.

"நம்ம அப்பாவும் பர்மா, அவங்களும் பர்மா! இதவிட இன்னா பொருத்தம் வேணும்? தீபத்துக்கு வரச் சொல்றேன். மாடில உக்கார வெச்சி அப்பாவ கதை சொல்ல விட்டா அங்கியே முடிஞ்சுது."

எங்கள் ஊரில் மலையைப் பார்த்த மொட்டைமாடி உள்ளவர்கள் யாருக்காவது பெரிய மரியாதை செய்யவேண்டுமென்றால் தீபத்தன்று மாடிக்குக் கூப்பிடுவார்கள். அதைவிட உயர்ந்த உபசாரம் எங்களிடம் கிடையாது. மாமாவின் திட்டத்தில் யாரும் குறை காணவில்லை. தாத்தா மட்டும் கேட்டார்.

"பர்மால எந்த ஊரு அவங்க?"

"பர்மான்னா பர்மாதான்பா. எந்தத் தெரு, எந்த வூடுன்னா கேக்க முடியும்?"

மறுநாள் காலை தாத்தா சவரம் செய்துகொள்ளும்போது கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

தீபத்தன்று எனக்கு இரண்டு உத்தரவுகள். ஒன்று, மாடியில் அகல் விளக்குகளை அடுக்கி எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைக்கவேண்டும்; ஆனால் மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் ஏற்றவேண்டும், ஒன்றைக்கூட ஏற்றாமல் விடக்கூடாது. இரண்டாவது, என் தட்டிலிருக்கும் பொரி உருண்டையை வந்தவர்களிடம் நீட்டக்கூடாது.

"ஏம்மா?"

"சம்பந்தம் முடிவாவற வரைக்கும் மாப்பிள்ளை வூட்டுக்காரங்க நம்ம வூட்ல கை நனைக்க மாட்டாங்க. தண்ணிகூட குடிக்க மாட்டாங்க. நீ போயி நீட்டி, அவங்க வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, பெரியம்மா. பெரியம்மா ஒல்லியாக, உயரமாக, வெள்ளைப் புடவையில் இருந்தார். சித்தியைக் கீழே பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்து ஏதோ கேட்டுவிட்டு, மாடிப்படி ஏறி வந்தார். அவர் முகம் நன்றாக மலர்ந்திருந்ததாக அம்மா பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள். மேலே ஏறும்போது அது முடிவாகிவிட்ட சம்பந்தம்தான்.

மழை வருமோ வராதோ என்று வானம் மூடிக் கிடந்தது. சுற்றிலும் எல்லா மாடிகளிலும் தலைகள். எல்லோரும் மலையுச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தா எழுந்து நின்று கும்பிட்டார். மாமா நேரத்தை வீணாக்கவில்லை.

"அப்பா, அந்தக் கதைய சொல்லுங்க. இவங்களுக்கும் அந்த ஊர்ப் பக்கம்தான்."

"இன்னிக்கி வேணாம்பா."

"கூச்சப்படறாரு," என்று சிரித்த மாமா, தானே கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். மாடிக் கட்டைச்சுவர்மேல் தோளிலிருந்த துண்டைப் போட்டார். என் தண்ணீர் டம்ளரைப் பிடுங்கிக் கரையில் வைத்தார். தாத்தாவைவிட மாமாவின் கை கொஞ்சம் அதிகமாகவே ஆடியது. சத்தமும் ஜாஸ்தி. ஆனாலும் சரியான இடத்தில் நிமிர்த்தி, "தூக்கிட்டாரு!" என்று முடித்தார்.

வழக்கம்போல் நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

பெரியம்மா தாத்தாவைப் பார்த்துக் கேட்டார். "எந்த ஆறுங்க ஐயா அது?"

தாத்தா ஒரு பெயரைச் சொன்னார். பெரியம்மா ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். இரண்டுமே என் மனதில் நிற்கவில்லை. பிறகு அவர் செய்ததுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் வரிசையாக வைத்திருந்த அகல்களில் சிலவற்றை எண்ணெய் சிந்தாமல் எடுத்துத் தனியே வைக்க ஆரம்பித்தார். என் வரிசை கலைகிறதே என்று எனக்குக் கோபம். ஆனால் பெரியவர்கள் விளையாடுவதைப் பார்க்கும் ஆசையில் பக்கத்திலேயே குந்திக்கொண்டேன்.

"இப்பிடி ஆறு. இது படகுத்துறை. இது அரிசி மில்லு, பெரிய புகைபோக்கி வெச்சது."

தாத்தாவும் மெல்ல முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு விளக்கை எடுத்து இடம் மாற்றி வைத்தார். "புகைபோக்கி இந்தப் பக்கம்மா. ஆத்த ஒட்டினாப்ல."

பெரியம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "ஆமா. அந்தப் பக்கம்தான்."

அதற்குப் பிறகு அவர் கை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்ந்தது. "இதெல்லாம் லைன் வீடுங்க. மில்லுல வேலை செய்யறவங்களுக்குக் கட்டிக் குடுத்தது. அம்புட்டும் தமிழ் ஆளுங்க. இது கடைசி வீடு. எங்க வீடு." கடைசி அகலை வைத்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "காலைல ப்ளேன் வந்துது. மில்லுக்குத்தான் போட்டாங்க. ஆளுங்க முன்னாடியே ஓடிட்டோம், யாருக்கும் ஒண்ணும் ஆவல. சரி, முடிஞ்சுபோச்சுன்னு எங்கம்மா வந்து அடுப்ப மூட்டினாங்க. நானும் தங்கச்சியும், இந்தப் புள்ளையோட அம்மா, ஆத்துக்குத் துணி அலசப் போனோம். மத்தியானம் ப்ளேன் திரும்ப வந்துது. உள்ள அம்மாவும் தம்பியும்."

மாப்பிள்ளை கட்டைச்சுவரைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்ப்பதுபோல் நின்றார்.

"நீங்க காலைல வந்தீங்களா, மத்தியானம் வந்தீங்களா?" என்று பெரியம்மா கேட்டார். எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்பதுபோலத்தான் இருந்தது அந்தக் குரல்.

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. "காலைலயா இருக்கும். இல்லப்பா? மத்தியானம் வந்தது வேற யாராவது இருப்பாங்க. வெள்ளக்காரனுங்க எத்தினி பேரு பறந்தானுங்க. காலைலதானப்பா?"

எனக்குப் பள்ளிக்கூட வினாடி வினா ஞாபகம் வந்தது. மாமா பின்னாலிருந்து விடையை எடுத்துக்கொடுக்கிறார், தாத்தா ஏன் வாங்கிக்கொள்ளமாட்டேன் என்கிறார் என்று தவித்தேன்.

தாத்தா விளக்குகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு தடவையும் வந்தோம்மா."

தெருவில் பலூன்காரன் ஊதல் ஊதிக்கொண்டு போனான்.

"காலைல புகை ஜாஸ்தி. மில்லு விழுந்துதா இல்லியான்னு தெரியல. மறுபடியும் போவச் சொன்னாங்க."

"நீங்கதான் ஓட்டினீங்களா?"

"இல்லம்மா. பின்பக்கம் பாத்து உக்காந்திருந்தேன். எறங்கும்போது எனக்கு வானம்தான் தெரியும். தூக்கினப்புறம்தான் கீழ தெரியும்."

"அப்ப பாத்தீங்க."

"பாத்தேன்."

"ஆத்துல நாங்க நின்னோமே."

"தண்ணி மின்னுச்சும்மா. ஆளுங்க தெரியல."

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "கெளம்பலாமா?" என்றார் பெரியம்மாவிடம். மாமா படிக்கட்டை மறைத்துக்கொண்டு நின்றார், உடம்பால் தடுத்துவிட முடியும் என்பதுபோல. "இருங்க," என்றார் பெரியம்மா. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஊரே எழுந்து கத்தியது. எல்லா மாடிகளிலிருந்தும் தெருவிலிருந்தும் கோயில் பக்கமிருந்தும் ஒரே குரலாக, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" மலையுச்சியில் சின்னதாக ஒரு பொறி, பிறகு அது நிமிர்ந்து நின்று எரிந்தது. அதுவரை இருட்டாயிருந்த வீடுகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் முளைத்தது. கீழேயிருந்து அம்மா, "பாப்பா, ஏத்துடி!" என்று குரல் கொடுத்தாள். எதிர் மாடியில் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கட்டைச்சுவரிலிருந்த விளக்குகளை ஏற்றிமுடித்து, தரையிலிருந்ததை ஏற்றி, கலைந்துகிடந்த அந்த விளக்குகளிடம் வந்தேன். படகுத்துறையை ஏற்றினேன். மில்லை ஏற்றினேன். லைன் வீடுகளை ஏற்றினேன். கடைசி வீட்டுக்குக் குனிந்தபோது பெரியம்மா என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணுகூட ஏத்தாம விடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க," என்றேன்.

"விட மாட்டோம் கண்ணு," என்று தீப்பெட்டியைத் தாத்தாவின் பக்கம் நகர்த்தினார். "நீங்க ஏத்துங்க."

தாத்தா ஒரு குச்சியைக் கிழித்தார். காற்றில் அணைந்தது. இன்னொன்று. அதுவும். அவருடைய கையா அது என்றிருந்தது எனக்கு. டம்ளரின் விளிம்பில் இம்மியும் தட்டாமல் நிமிர்கிற கை. அது இப்போது ஒரு திரியைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைந்தது. எதிர் மாடிப் பையன்கள் முடித்துவிட்டு மத்தாப்பே கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவமானமாக இருந்தது. "குடுங்க தாத்தா, நான் ஏத்தறேன்," என்று பிடுங்கப் போனேன். பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் அந்த விளக்கைச் சுற்றி, காற்று புகாமல் குவித்துப் பிடித்தார். தாத்தா அந்தக் கைகளுக்கு நடுவே குச்சியைக் கொண்டுபோனார்.

அதற்கப்புறம் நடந்தது எனக்கு முக்கியமாகப் படவில்லை. பெரியம்மா எழுந்தார். என் தட்டிலிருந்து ஒரு பொரி உருண்டையை, நான் கடைசியில் தின்பதற்காக வைத்திருந்த பெரியதை, எடுத்துக் கடித்தார். "அம்மா உங்கள சாப்பிட மாட்டீங்கன்னு சொன்னாங்க," என்றேன் எரிச்சலோடு. மாமா இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினார். "கை நனச்சிட்டாங்க! அக்கா, கை நனச்சிட்டாங்க!" கீழே அம்மா ஓவென்று அழும் சத்தம் கேட்டது. சித்தி அழவில்லை. மாம்பழப் பட்டில் படியேறி வந்து, தன் அப்பாவின் கையைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினாள்.

அடுத்த வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தலில் தாத்தாவும் பெரியம்மாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சில வருடங்கள் கழித்துத் தாத்தா இறந்தபோது பெரியம்மா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டு வந்தாரா, முடிந்துவிட்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வந்தாரா, இல்லை, அந்த ஊரைத் தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டாரே என்று வந்தாரா? சித்தியிடம் கேட்டால், "அதெல்லாம் எதுக்குடி இப்ப?" என்கிறாள். அவளுக்குப் பேரன் பிறந்துவிட்டான். நான் ஒருத்திதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன் என்றால், போன வாரம் டிவியில் எங்கோ நடக்கும் சண்டையைக் காட்டினார்கள். என் மகன் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தான். அவனுக்கு அப்போதைய என் வயது. தாத்தாவைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் சொன்னதில்லை. அவன் கையை விறைப்பாக நீட்டித் தலைக்கு மேல் கொண்டுபோனான். பல்லிடுக்கில் அதே சத்தம். சாப்பாட்டு மேஜைமேலிருந்த தண்ணீர் டம்ளரை நோக்கிக் கை விழுந்தது. நான் பாய்ந்து டம்ளரை எடுத்துவிட்டேன். பாதித் தண்ணீர் என்மேலேயே கொட்டியது.

"ஏம்மா?" என்றான் திகைத்துப்போய்.

"தண்ணி கொட்டிடும், சாப்பிடு," என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன பதில் என்று உறைத்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவனிடம் என்றாவது சொல்லவேண்டும். எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியும். எந்த இடத்தில் நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

அன்று மாடியில் எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். குச்சி உள்ளே போய்விட்டது. பெரியம்மாவின் கைகள் விலகவில்லை. தாத்தாவின் தலையும் அவர் தலையும் குனிந்து மறைத்துக்கொண்டதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முழங்காலிட்டுப் பார்த்தேன், எக்கிப் பார்த்தேன்.

"எரியுதா தாத்தா? எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பெரியம்மாவின் விரலிடுக்குகள் மட்டும் சிவந்து தெரிந்தன. வெளிச்சம்தான் அது என்று எனக்குத் தோன்றவில்லை. சுட்டுவிட்டதாக்கும், அப்படியும் ஏன் கையை எடுக்கமாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.